இருட்டறைக்குள் ஒரு யானை!

எக்ஸ்ரே எடுக்கிற அறையை எல்லோரும் பார்த்திருப்போம். எடுத்த படத்தைப் படிக்கிற அறை? அங்கே நமக்கு வேலையே இல்லை. இன்று மட்டும் நைசாக நுழைந்துவிடலாம், வாங்க! விளக்கை அணைத்து வைத்திருப்பார்கள். சாம்பல் நிறங்களின் நுணுக்கம் இருட்டில்தான் தெரியும்.

திரையில் விரிந்து கிடப்பது ஓ.பி.ஜி. படம். பைக்கிலிருந்து விழுந்து மோவாயில் அடிபட்டவருடையது என்று வைத்துக்கொள்வோம். காதிலிருந்து காதுவரை மொத்தத் தாடையும் ஒரே படத்தில்! இயந்திரம் தலையைச் சுற்றிவர ஏறக்குறைய 15 விநாடி போதும். 1896-ல் ஜெர்மனியின் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப் தன் பல்லையே படம் பிடித்தபோது 25 நிமிடம் அசையாமல் இருந்தாராம்!

மோவாய்க்குப் பக்கத்தில் ஒரு விரிசல். "கண்டுபிடிச்சாச்சு!" என்று குதிக்கிறீர்களா? இந்த அறையில் அதுதான் பெரிய குற்றம். வளையலை ஒரே இடத்தில் மட்டும் உடைத்துப் பாருங்களேன், முடியாது. கீழ்த்தாடையும் அப்படித்தான், பெரும்பாலும் இரண்டாவது முறிவு எங்கேயாவது ஒளிந்திருக்கும். அதோ, எதிர்ப்பக்கம் காதுக்கு முன்னால், தாடை மூட்டின் கழுத்தில் இன்னொன்று!

அப்படியானால் தாடைக் கோணத்தில் குறுக்கே ஓடும் அந்தக் கறுப்புப் பட்டை மூன்றாவது முறிவா? ஏமாந்தீர்கள்! அது தொண்டைக் காற்றின் நிழல். முறிவுக்கோடு எலும்பின் விளிம்போடு நின்றுவிடும். காற்றின் நிழல் விளிம்பைத் தாண்டியும் போகும். இன்னொரு கூத்து: கழற்ற மறந்த இடது காதுக் கம்மல், வலப்பக்கத்தில் சற்று மேலே, மங்கலான பேயாக வந்து நிற்கும். படத்தின் நட்டநடுவிலோ கழுத்தெலும்பின் வெண்ணிழல் மறைக்கும். அதனால்தான் நேராக இன்னொரு படமும் எடுப்பார்கள்.

இப்போது யானை! மோவாயைத் தூக்கி வைத்து எடுக்கும் முகப் படத்துக்கு வாட்டர்ஸ் வியூ என்று பெயர். அதில் கன்ன எலும்பின் கோடுகளைத் தொடர்ந்து போனால், சத்தியமாக, ஒரு யானைத்தலை தெரியும்! தும்பிக்கை உடைந்திருந்தால் கன்ன எலும்பின் வளைவு முறிந்திருக்கிறது. சைனஸுக்குள் மேலிருந்து கண்ணீர்த்துளிபோல் ஒரு நிழல் தொங்கினால், கண்குழியின் தரை உடைந்து கொழுப்பு கீழே இறங்கியிருக்கிறது. கண்குழியின் கூரையடியில் கறுப்புப் புருவம் வரைந்ததுபோல் தெரிந்தால், சைனஸ் காற்று உள்ளே புகுந்திருக்கிறது. சிக்கலான முகமுறிவுகளுக்கு இன்று சி.டி. ஸ்கேன் வந்துவிட்டது. ஆனாலும், பிணங்களின் தலையில் அடித்து அடித்துப் பார்த்து ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1901-ல் வகுத்த மேல்தாடை முறிவு வகைகள் மூன்றும் இன்றைய அறிக்கைகளிலும் வருகின்றன!

இனி குட்டிப் படங்கள், ஒவ்வொரு பல்லாக. வேரைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதா? அது அகலமாகியிருந்தால் பல் நகர்ந்திருக்கிறது. காணாமலே போயிருந்தால் பல் எலும்புக்குள் குத்தி இறங்கியிருக்கலாம். வேர் முறிவு பலே கள்ளன். கதிர் அதன் சாய்விலேயே போனால்தான் சிக்கும். அதனால் கோணத்தை மாற்றி மாற்றி எடுப்பார்கள். உடைந்த துண்டு கிடைக்கவில்லையா? உதட்டையே ஒரு படம் எடுப்பார்கள். பல முறை துண்டு அங்கேதான் பதுங்கியிருக்கும்!

குழந்தையின் பால்பல் உள்ளே இறங்கிவிட்டால் அறையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்துப் பல்லைவிடக் குட்டையாகத் தெரிந்தால் நிம்மதி. வேர்நுனி உதட்டுப் பக்கம் விலகியிருக்கிறது. நீளமாகத் தெரிந்தால், மேலே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் பக்கம் போயிருக்கிறது.

வெளியே போகும்முன் ஒரு வார்த்தை. படம் எடுக்கப் போகும்போது கம்மல், மூக்குத்தியைக் கழற்றிவிடுங்கள். உடைந்த பல் துண்டைத் தேடி எடுத்துப் போங்கள். மோவாயில் அடிபட்டால் தையல் போட்டதோடு திரும்பிவிடாதீர்கள். காதுக்கு முன்னால் வலித்தாலோ, பற்கள் பழையபடி பொருந்திக் கடிபடாவிட்டாலோ, தாடையைப் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது முறிவு அங்கே இருக்கலாம்.