தப்புக் கணக்கு சொல்லும் சேதி

இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று நோட்டில் மூன்று கழித்தல் கணக்குகளைப் போட்டிருக்கிறது. 52-இல் 27 போனால் 35. 81-இல் 46 போனால் 45. 63-இல் 38 போனால் 35. மூன்றும் தப்பு. சிவப்பு மையில் மூன்று பெருக்கல் குறிகள், ‘கவனம் தேவை’ என்று கீழே ஒரு குறிப்பு. இதுதான் வழக்கம்.

விடைகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், அந்தக் குழந்தைக்குக் கவனம் நிறையவே இருப்பது தெரியும். ஒன்றுகள் வரிசையில் 2, 7 என்று இருந்தால் 7-இலிருந்து 2-ஐக் கழிக்கிறது. பத்துகள் வரிசையிலும் அதே முறை. ‘பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும்’ என்று முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்த விதியை ஒரு இடத்தில்கூட மீறாமல் கடைப்பிடித்திருக்கிறது. 52 என்பது ஐந்தும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதல்ல, ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் சேர்ந்த ஒரே எண் என்பது மட்டும் அதற்கு இன்னும் பிடிபடவில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரௌனும் ரிச்சர்ட் பர்ட்டனும் மாணவர்களின் கணக்குப் பிழைகளை அலசி 1978-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல பிழைகள் கவனக்குறைவால் வருபவையல்ல, குழந்தை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட முறையை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகின்றன என்று அதில் காட்டினார்கள்.

தப்பான விடைக்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டதிலிருந்துதான் குழந்தை உளவியலின் பெரிய அத்தியாயம் ஒன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் 1896-இல் பிறந்த ழான் பியாஜே, இருபதுகளின் தொடக்கத்தில் பாரிசில் வேலை பார்த்தார். 1905-இல் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியவர்களில் ஒருவரான தியோடர் சிமோன், ஆங்கிலச் சோதனை ஒன்றைப் பாரிஸ் குழந்தைகளுக்கு ஏற்றபடி தரப்படுத்தும் பணியை அவரிடம் கொடுத்தார். எத்தனை விடை சரி என்று எண்ணிச் சொல்வதுதான் வேலை. பியாஜேயின் ஆர்வமோ தப்பான விடைகளின் பக்கம் போனது. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரியான தப்பைச் செய்வதைக் கவனித்தார். குழந்தை குறைவாகத் தெரிந்த பெரியவரல்ல, வேறு விதமாக யோசிப்பவர் என்ற முடிவுக்கு வந்தார்.

அவருடைய சோதனைகளில் பெயர்பெற்ற ஒன்றை எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஆறு புளியங்கொட்டைகளை ஒரு வரிசையாகவும், அதற்கு நேர் கீழே இன்னும் ஆறை மறு வரிசையாகவும் அடுக்குங்கள். இரண்டும் சமமா என்று நாலைந்து வயதுக் குழந்தையிடம் கேட்டால் சமம் என்று சொல்லும். இப்போது கீழ் வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டி வைத்து அதே கேள்வியைக் கேளுங்கள். நீளமான வரிசையில்தான் அதிகம் என்று பல குழந்தைகள் சொல்லிவிடும். ஆறேழு வயதுக்குமுன் எண்ணிக்கை மாறாது என்ற புரிதல் உறுதிப்படுவதில்லை என்றார் பியாஜே.

அந்தக் குழந்தைக்கு உண்மையிலேயே புரியவில்லையா, அல்லது கேள்வி கேட்ட விதம் அதைக் குழப்பிவிட்டதா? ஸ்காட்லாந்தில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் 1974-இல் இதைச் சோதித்தார்கள். நான்கிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகள் 80 பேர். பெரியவரே வரிசையைக் கலைத்துவிட்டுக் கேட்டபோது ஆறில் ஒருவர்தான் சரியாகச் சொன்னார். ஒரு குறும்புக்கார கரடி பொம்மை குதித்து வந்து வரிசையைக் கலைத்துவிட்டதுபோல நடித்துக் கேட்டபோது பத்தில் ஆறு பேர் சரியாகச் சொன்னார்கள். காரணம் எளிது. பெரியவர் ஒருவர் பொருளை நகர்த்திவிட்டு அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதலில் சொன்னது தப்புபோலிருக்கிறது என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. வகுப்பில் ஆசிரியர் “நல்லா யோசிச்சுச் சொல்லு” என்றதுமே சரியான விடையைக்கூட மாற்றிச் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

குழந்தையின் எண் அறிவு பள்ளிக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. உளவியலாளர் காரென் வின் 1992-இல் ஐந்து மாதக் குழந்தைகளின் முன் ஒரு பொம்மையை வைத்துத் திரையால் மறைத்தார். பிறகு இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னே கொண்டுபோனார். திரையை விலக்கும்போது இரண்டுக்குப் பதில் ஒரே பொம்மை இருந்தால், குழந்தைகள் கூடுதல் நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தன. எதிர்பார்த்தது ஒன்று, கண்டது வேறு என்பதன் அடையாளம் அது.

அப்படியானால், இரண்டரை வயதுப் பிள்ளை ஒன்று முதல் பத்து வரை கடகடவென்று ஒப்பிப்பது கணக்கு அறிவுதானா? இல்லை. அதே பிள்ளையிடம் “மூணு பட்டாணி குடு” என்று கேளுங்கள், கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். ‘ஒன்று’ என்பதன் பொருள் முதலில் புரிகிறது. சில மாதங்கள் கழித்து ‘இரண்டு’, பிறகு ‘மூன்று’. எண்ணிக்கொண்டு போகும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த எண்ணிக்கை என்ற உண்மை பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதில்தான் பிடிபடுகிறது. நூறு வரை ஒப்பிக்கத் தெரிந்த குழந்தையை எல்.கே.ஜி.யிலேயே கூட்டல் போட வைக்கும் பெற்றோரும் பள்ளிகளும் இந்த இடைவெளியைக் கவனிப்பதில்லை.

அடுத்த சண்டை விரல்களைப் பற்றியது. விரல் விட்டு எண்ணாதே, மனக்கணக்காகச் சொல் என்று அதட்டுவது நம் வகுப்பறைகளில் சாதாரணம். ஐந்தாறு வயதில் ஒரு விஷயத்தைத் தற்காலிகமாக மனதில் நிறுத்தி வைத்துக்கொண்டு வேலை செய்யும் திறன் மிகக் குறைவு. அது பதின்பருவம் வரை வளர்ந்துகொண்டே போவது. 6-உடன் 3-ஐக் கூட்டும்போது, ‘6 வரை வந்துவிட்டேன், இன்னும் எத்தனை பாக்கி’ என்ற கணக்கை நினைவுக்குப் பதிலாக விரல் தாங்கிக்கொள்கிறது. பிரான்சில் ஐந்தாறு வயதுக் குழந்தைகளிடம் கேத்தரின் தெவனோ குழுவினர் நடத்திய ஆய்வு 2024-இல் வெளியானது. விரலைப் பயன்படுத்தாத குழந்தைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததும், கூட்டலில் அவர்கள் தரும் சரியான விடை 37 சதவீதத்திலிருந்து 77 சதவீதமாக உயர்ந்தது.

விரல் காலம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்குமோ என்ற பயம் வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வினோத் மேனனும் சகாக்களும் ஏழிலிருந்து ஒன்பது வயது வரையிலான குழந்தைகளின் மூளையை ஸ்கேன் செய்து, ஏறத்தாழ ஓராண்டு கழித்து அதே குழந்தைகளை மறுபடி ஸ்கேன் செய்தார்கள். எண்ணிக் கண்டுபிடிப்பது குறைந்து, விடையை நினைவிலிருந்து எடுப்பது கூடியிருந்தது. கூடவே, நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பங்கும் கூடியிருந்தது. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்ததன் பலனாக வருவதுதான் மனக்கணக்கு. எண்ணுவதைத் தடுத்தால் அது சீக்கிரம் வந்துவிடாது.

தடுக்கும்போது உள்ளே நுழைவது பயம். மேனன் குழுவின் 2012 ஆய்வு ஒன்றில், கணக்கென்றால் பதற்றப்படும் ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளிடம் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா கூடுதலாகவும், கணக்குப் போட உதவும் பகுதிகள் குறைவாகவும் இயங்கின. வாய்ப்பாடு தெரிந்த பிள்ளையே பிரம்பைக் கண்டதும் மறந்துபோவதில் நடிப்பு ஏதுமில்லை.

இனி வகுப்பறைக்கு வெளியே வருவோம். பிரேசிலின் ரெசிஃபே நகரில், தெருவில் வியாபாரம் செய்த ஒன்பது முதல் 15 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளை ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்போல அணுகினார்கள். 1985-இல் வெளியான அந்த ஆய்வில், கடையில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரியாக இருந்தது. அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. 35 குரூசேரோ விலையுள்ள தேங்காய் பத்து வேண்டும் என்றபோது, 12 வயதுச் சிறுவன் பக்கத்தில் ஒரு சுழியம் சேர்த்து முடித்துவிடவில்லை. மூன்று தேங்காய்க்கு 105, இன்னொரு மூன்றுக்குச் சேர்த்து 210 என்று அடுக்கிக்கொண்டே போய் 350 என்றான். பள்ளி சொல்லித்தந்த குறுக்குவழி அவன் கைக்கு வரவில்லை. ஆனால் அவனுடைய வழியில் பிழை கிடையாது.

நம் நாட்டிலும் இதே கதைதான். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதன் ஆசிரியர்களில் அடக்கம். சிக்கலான கொடுக்கல் வாங்கலை மனதிலேயே முடித்த பிள்ளைகள், பள்ளிப் பாணியில் எழுதிய எளிய கணக்குகளில் தடுமாறினார்கள். பக்கத்துப் பள்ளிகளின் மாணவர்களோ தாளில் கணக்குப் போட்டார்கள், கடைக்கணக்கில் திணறினார்கள். அறிவு இரண்டு பக்கமும் இருக்கிறது. பாலம் மட்டும் தானாக உருவாவதில்லை, யாராவது கட்டித்தர வேண்டும்.

அந்தப் பாலத்தைப் பற்றி யோசித்தவர், பியாஜே பிறந்த அதே 1896-இல் பிறந்து 37 வயதிலேயே மறைந்த ரஷ்யர் லெவ் வைகாட்ஸ்கி. குழந்தை தனியாகச் செய்ய முடிந்ததற்கும், தெரிந்த ஒருவர் துணையோடு செய்ய முடிந்ததற்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் கற்பித்தல் பலன் தரும் என்றார் அவர். ஏற்கெனவே தெரிந்ததைச் சொன்னால் சலிப்பு வரும். எட்டாத உயரத்தில் சொன்னால் பயம் வரும்.

இதில் சிக்கல் என்னவென்றால், ஒரே மூன்றாம் வகுப்பில் இலக்கம் தெரியாத குழந்தையும் இருக்கும், வகுத்தல் போடும் குழந்தையும் இருக்கும். பாடப்புத்தகம் மட்டும் ஒன்றுதான். மும்பை, வதோதரா நகரங்களில் ‘பிரதம்’ அமைப்பு நடத்திய திட்டத்தில், பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்பு மாணவர்களுக்கு அந்தந்தப் பகுதிப் பெண்கள் தினம் இரண்டு மணி நேரம் அடிப்படையைச் சொல்லித்தந்தார்கள். மதிப்பெண் கூடியது. மிகவும் பின்தங்கியிருந்தவர்களே அதிகம் பயனடைந்தார்கள். தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், குழந்தை தன் வேகத்தில் ஏணிப்படியாக ஏற வழிசெய்தது. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் மாணவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறது. வயதுக்கோ வகுப்புக்கோ அல்ல, குழந்தை நிற்கும் படிக்குப் பாடம் என்பதுதான் இவை எல்லாவற்றின் அடிப்படை. அரும்பில் இருக்கும் குழந்தை அரும்பாகவே முத்திரை குத்தப்படாமல், அடிக்கடி மறுபடி பார்த்து மேலே நகர்த்தப்படும் வரைக்கும் இது நல்ல ஏற்பாடு.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இதிலிருந்து சில நடைமுறைகள் கிடைக்கின்றன. ஒரு பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்கிச் செய்யும் இனமாற்றக் கழித்தலுக்குமுன் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்துப் பார்க்கச் செய்யுங்கள். விரலை அனுமதியுங்கள். கடையில் மீதிச் சில்லறை வாங்கி வந்த பிள்ளையிடம் அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், தாளில் போட்ட கணக்கைக் கடைக் கதையாக மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்க நேர்ந்தால், ஏன் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விடை தப்பானாலும் சரியானாலும் “இது எப்படி வந்துச்சு, சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எல்லோரிடமும் தினமும் கேட்க முடியாதுதான். ஒரு நாளைக்கு நான்கு பேரிடம் கேட்டால், பத்துப் பள்ளி நாட்களில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும். மதிப்பெண் பட்டியல் சொல்லாத விவரம் அந்த நாற்பது பதில்களில் கிடைக்கும். அடுத்த வாரப் பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.