கம்ப்யூட்டருக்குத் தொண்டை கட்டினால்...



நமக்குத் தொண்டை கட்டினால் சுக்குக் கஷாயம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குத் தொண்டை கட்டினால் என்ன கொடுப்பது? "டிப்ளமோ படிக்கிறவன் வீட்டுலேயே இருக்கான், இதைக்கூட சரி பண்ணத் தெரியல!" என்று அப்பா சொன்ன அன்று எனக்கு ரோஷம் வந்தது. ரோஷத்தில் ஒரு தப்பும் செய்தேன். அதை நீங்களும் செய்துவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரின் ஒலியை ஹாலில் உள்ள ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்திருந்தேன். கேபிள் டி.வி.யின் செட்டாப் பாக்ஸும் அதே ஆம்ப்ளிஃபயரில்தான். பாட்டுப் போட்டால் பின்னணியில் "ம்ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்காது. தெரிந்த கடைக்காரர் ஒருவர், "எர்த்தைக் கழட்டி விடு தம்பி, போயிடும்" என்றார். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டரை வாங்கி கம்ப்யூட்டருக்கு மாட்டினேன். ரீங்காரம் போயே போச்சு! சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். அம்மா ஆடியோ வயரையும் மற்ற வயர்களையும் பிடுங்கி வைத்துவிட்டு, ஈரத் துணியால் கேபினெட்டைத் துடைத்தார். கரண்ட் வயர் மட்டும் மாட்டியிருந்தது, ஸ்விட்ச்சும் ஆனில் இருந்தது. "என்னடா இது, சுள்ளுனு இழுக்குது!" என்று கையை உதறினார். எனக்கு உயிரே போய்விட்டது.

அந்த "சுள்" எங்கிருந்து வந்தது? எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சிறிய கெபாசிட்டர், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இன்னொன்று உண்டு. மின் இரைச்சலை வடிகட்டுவது அவற்றின் வேலை. எர்த் இல்லையென்றால் அவை இரண்டும் வோல்டேஜ் டிவைடர் ஆகிவிடும். 230 வோல்ட்டில் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட்டில் கேபினெட் நிற்கும். ஆடியோ வயர் மாட்டியிருந்தவரை அதன் ஷீல்டு ஒரு வழியாக எர்த் வேலையைப் பார்த்தது. அதையும் பிடுங்கியதும் குட்டு வெளிப்பட்டது. கரண்ட் மிகக் குறைவு என்பதால் வெறும் "சுள்"ளோடு போனது. உள்ளே லைன் வயரே கேபினெட்டில் பட்டிருந்தால்? எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் ஆள் போவார். ஒரு ரீங்காரத்துக்குக் கொடுக்கிற விலையா அது?

அன்று இரவே அடாப்டரைக் கழற்றி எறிந்தேன். பிறகுதான் நிதானமாக யோசித்தேன். நாம் லேபில் செய்வது போல, முதலில் பழுது எந்தப் பாதியில் என்று பார்க்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிவிட்டு மொபைலை மாட்டிப் பார்த்தேன், சுத்தமாகப் பாடியது. கம்ப்யூட்டரில் ஹெட்ஃபோனை மாட்டினேன், அதுவும் சுத்தம். இரண்டும் தனித்தனியே நல்ல பிள்ளைகள், சேர்ந்தால்தான் சண்டை! அப்படியானால் வியாதி நடுவில் இருக்கிறது. மறுபடி எல்லாவற்றையும் இணைத்து, செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிளை மட்டும் கழற்றினேன். ரீங்காரம் நின்றது.

இதுதான் எர்த் லூப். கம்ப்யூட்டர் நம் வீட்டு பிளக் வழியாக எர்த் ஆகிறது. கேபிளின் ஷீல்டு வேறெங்கோ எர்த் ஆகிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள சிறிய வோல்டேஜ் வித்தியாசம் ஆடியோ வயரின் ஷீல்டு வழியே கரண்ட்டை ஓட்டுகிறது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் பாட்டோடு கலந்து "ம்ம்ம்" என்கின்றன. மருந்து, ஆடியோ வயரின் நடுவே ஓர் ஐசொலேட்டர். உள்ளே இருப்பது நாம் படித்த அதே 1:1 டிரான்ஸ்ஃபார்மர்தான். பாட்டு காந்தப் புலம் வழியாகத் தாண்டும். செம்புத் தொடர்பு இல்லாததால் லூப் அறுந்துவிடும். மட்டமானதை வாங்கினால் பேஸ் கொஞ்சம் குறையும், பார்த்து வாங்குங்கள்.

எல்லாத் தொண்டைக் கட்டும் எர்த் லூப் அல்ல. சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதி வியாதி புரிந்துவிடும்.

"கரகர", அதுவும் சத்தமான இடத்தில் மட்டும்: இது கிளிப்பிங். 16 பிட் ஒலியில் அலை -32,768 முதல் +32,767 வரைதான் போக முடியும். ஈக்வலைசரில் பேஸை ஏற்று ஏற்று என்று ஏற்றினால், அலையின் தலை சீவப்பட்டுவிடும். கம்ப்யூட்டரில் குறைத்து, ஆம்ப்ளிஃபயரில் கூட்டுங்கள். லைன் அவுட் வயரை மைக் ஓட்டையில் சொருகினாலும் இதே கதிதான். மைக் இன்புட் மில்லிவோல்ட் தாங்கும் ஆசாமி!

"பட்... பட்" என்று விட்டு விட்டு: வினாடிக்கு 48,000 சாம்பிள் என்றால், 480 சாம்பிள் பிடிக்கும் பஃபர் 10 மில்லி செகண்டில் காலியாகும். மாடித் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் போட நேரமானால் குழாயில் காற்றுதான் வரும். பிராசஸருக்கு வேறு வேலை அதிகமாகி பஃபரை நிரப்பத் தாமதமானால் இப்படி வெடிக்கும். கனமான புரோகிராம்களை மூடுங்கள், சவுண்ட் டிரைவரோடு வைஃபை டிரைவரையும் புதுப்பியுங்கள்.

மவுஸை நகர்த்தினால் கூடவே "கிர்ர்": கேபினெட்டுக்குள் உள்ள இரைச்சல் ஒலிப் பாதையில் ஏறுகிறது. முன்பக்க ஜாக்கை விட்டுப் பின்பக்க ஜாக்கில் மாட்டிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் வெளியே மாட்டும் சிறிய யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு உதவும்.

புளூடூத் ஹெட்செட்டில் மைக்கை ஆன் செய்ததும் குரல் டப்பாவுக்குள் இருந்து வருவது போல இருந்தால், அது பழுதே அல்ல. பாட்டு கேட்கும் முறையிலிருந்து ஃபோன் பேசும் முறைக்கு அது மாறிவிட்டது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. மூன்று பின் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். எர்த் பின் மட்டும் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். உள்ளே போகும்போது முதலில் போகும், வெளியே வரும்போது கடைசியில் வரும், வீட்டில் அம்மா கடைசியில் சாப்பிட உட்காருவது மாதிரி. அதைப் போய் வெட்டலாமா? நாளைக்கு நம்மை நம்பி ஒருவர் "தம்பி, சத்தம் வருதே" என்று கேட்பார். அவரிடம் "எர்த்தைக் கழட்டுங்க" என்று மட்டும் நாம் சொல்லாமல் இருப்போம்!