கொத்தமல்லி ரசத்தில் இருக்கட்டும், மருந்துச் சீட்டில் வேண்டாம்

சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதான பிறகு வருகிறவர்களிடம் இதுவரை என்ன சிகிச்சை எடுத்தீர்கள் என்று கேட்டால், அண்மைக் காலமாக ஒரு பதில் அடிக்கடி வருகிறது: கொத்தமல்லிச் சாறு. இரண்டு கட்டுத் தழையை மிக்சியில் அடித்து வெறும் வயிற்றில் குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். மாதக்கணக்கில் குடித்திருப்பார்கள், அந்த மாதங்களில் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியும் இருப்பார்கள். கொத்தமல்லி, புதினா, வெந்தயக் கீரை போன்ற மென்தழைகள் மீது எந்தக் குற்றமும் இல்லை. கைப்பிடி அளவில் அவை நல்ல உணவு. அளவும் நோக்கமும் மாறி மருந்து வேடம் போடும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

சுத்தம் செய்யும் என்ற கட்டுக்கதை

சாறு குடித்ததும் சிறுநீர் தாராளமாகப் போகிறது, நிறமும் தெளிகிறது, ஆகவே கழிவு வெளியேறுகிறது என்பது வாதம். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாலும் அதுவேதான் நடக்கும். சிறுநீரின் அளவையும் நிறத்தையும் வைத்துச் சிறுநீரகத்தின் திறனை எடைபோட முடியாது. திறன் வெகுவாகக் குறைந்தவர்களுக்கும் சிறுநீர் வழக்கம்போலப் போகும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கொத்தமல்லி உடலில் சேர்ந்த ஈயத்தையும் பாதரசத்தையும் இழுத்து வெளியேற்றும் என்பது இன்னொரு கதை. ஈயம் ஏறியிருந்த 3 முதல் 7 வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்குக் கொத்தமல்லிச் சாரமும் மறு பிரிவுக்குப் போலி மருந்தும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், இரு பிரிவுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. சிறுநீரகத்தை உண்மையில் காப்பாற்றுபவை சர்க்கரைக் கட்டுப்பாடும், ரத்த அழுத்தக் கட்டுப்பாடும், கண்ட கண்ட வலி மாத்திரைகளைத் தவிர்ப்பதும்தான். இவற்றில் மிக்சிக்கு வேலை இல்லை என்பதாலோ என்னவோ, யாரும் இவற்றைப் பகிர்வதில்லை.

‘இலைதானே, என்ன செய்துவிடும்?’

நிறையச் செய்யும். 100 கிராம் கொத்தமல்லித் தழையில் ஏறக்குறைய 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. இரண்டு பெரிய கட்டு என்றால் 200 கிராம். ஒரே மூச்சில் 1 கிராம் பொட்டாசியம். நல்ல சிறுநீரகம் இதைச் சமாளித்துவிடும். பழுதான சிறுநீரகம் உள்ளவர்களில் பலருக்கு நாள் முழுவதற்கும் அனுமதிப்பதே 2 முதல் 3 கிராம்தான். ரத்தத்தில் பொட்டாசியம் எல்லை மீறினால் முன்னறிவிப்பு இல்லாமலே இதயத் துடிப்பு நிற்கலாம். ஆக, யாரைக் காப்பாற்றும் என்று சொல்லி இந்தச் சாறு பரப்பப்படுகிறதோ, அவர்களுக்குத்தான் அது அதிக ஆபத்து. பாலக்கீரையைப் பச்சையாக அடித்துக் குடிப்பவர்களுக்கு ஆக்சலேட் என்ற தனிச் சிக்கலும் உண்டு. அது சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கி, கல்லாகவும் மாறலாம், சிறுநீரகத்தையே செயலிழக்கவும் வைக்கலாம்.

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசினோகூமராலோ சாப்பிடுகிறவர்களின் கதை வேறு. பச்சைத் தழைகளில் மிகுந்துள்ள வைட்டமின் கே இந்த மருந்துகளுக்கு நேர் எதிராக வேலை செய்வது. திடீரென்று தினமும் சாறு குடிக்கத் தொடங்கினால் மருந்தின் பிடி தளர்ந்து வால்வில் ரத்தம் உறையலாம். பழகிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ரத்தக்கசிவு வரலாம். அப்படியானால் கீரையே கூடாதா என்று கேட்பார்கள். கூடும். வழக்கமாகச் சாப்பிடும் அளவை ஏற்றாமல் இறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுகிறோமே என்பது அடுத்த கேள்வி. பாட்டி ரசத்தில் ஒரு கொத்துக் கிள்ளிப் போட்டார். இரண்டு கட்டை அரைத்துக் குடிக்கவில்லை. அவருக்கு வால்வு மாத்திரையும் இல்லை.

பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்தா?

சூட்டில் வைட்டமின் சி குறையும் என்பது உண்மை. ஆனால் பீட்டா கரோட்டினும் வைட்டமின் கே-யும் அவ்வளவு எளிதில் அழிவதில்லை; கொஞ்சம் எண்ணெயோடு சேர்ந்தால் உடல் அவற்றை இன்னும் நன்றாக உறிஞ்சும். கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்த செர்வில் என்ற மென்தழையைப் பிரெஞ்சுச் சமையலில் சூப்பையோ ஆம்லெட்டையோ இறக்கும் நேரத்தில்தான் தூவுவார்கள், கொதித்தால் மணம் போய்விடும் என்பதற்காக. நம் ரசத்துக்கும் அதே முறைதான். ஆனால் கடைசியில் தூவும் தழையில் கிருமி சாகாது. எனவே மணத்துக்கு விலையாகக் கழுவும் வேலை கூடுகிறது.

இது வீண் பயம் அல்ல. மனிதக் கழிவு கலந்த நீர் பாய்ந்த தழையில் நாடாப்புழு முட்டை ஒட்டியிருக்கும். அது வயிற்றுக்குள் போனால் புழுவின் இளம்பருவம் மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை வரவழைக்கும். இறைச்சியைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் இது வரக் காரணம் இதுதான். மெக்சிகோவின் புயெப்லா மாநிலக் கொத்தமல்லியால் சைக்ளோஸ்போரா என்ற ஒட்டுண்ணி தரும் வயிற்றுப்போக்கு பரவியதால், 2015இல் அமெரிக்கா கோடை மாதங்களில் அதன் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தில் ஏறிவந்த ஈ-கோலை கிருமியால் நூற்றுக்கணக்கானோரின் சிறுநீரகம் பழுதாகி, 50 பேருக்கு மேல் இறந்தார்கள். பானிபூரித் தண்ணீரில் மிதக்கும் புதினா எங்கே கழுவப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். உப்பும் மஞ்சளும் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பாதீர்கள். வேரை நறுக்கி எறிந்துவிட்டு, தழையைப் பிரித்து, அடியில் மண் படிவது நிற்கும் வரை நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். கர்ப்பிணிகளும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களும் தழையை வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

மாடித் தொட்டியிலும் கவனம்

வீட்டிலேயே வளர்ப்பது நல்ல யோசனை. தனியாவை இரண்டாக உடைத்து, வளரும் தொட்டியிலேயே நேரடியாக விதையுங்கள். பிடுங்கி நட்டால் கொத்தமல்லிக்கு ஆகாது. வெயில் ஏறினால் சீக்கிரம் பூத்துவிடும், நிழல்வலை வேண்டும். ஆனால் வீட்டில் விளைந்தது என்பதாலேயே அது சுத்தமாகிவிடாது. மண்ணைத் தொடும் விளைபொருளுக்குப் பச்சைச் சாணம் போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்கின்றன அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள். கொத்தமல்லியை நாம் 40 நாளில் கிள்ளிவிடுகிறோம். எனவே நன்றாக மக்கிய உரம் மட்டும் போடுங்கள். சாணக் கரைசலை இலை மேல் தெளிக்காதீர்கள்.

பரிசோதனை

சிறுநீரகத்தின் நிலையை அறிய, ரத்தத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும், சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். வார்ஃபரினோ அசினோகூமராலோ சாப்பிடுபவர்களுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் வேண்டும்.

கெஞ்சிக் கேட்பது

தழையை விட்டுவிடச் சொல்லவில்லை. துவையல் அரையுங்கள், ரசத்தில் தூவுங்கள், வெந்தயக் கீரையைப் பருப்போடு கடையுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். சாறு குடித்தே தீருவேன் என்றால், தொடங்கும் முன் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். எவ்வளவு, எத்தனை நாள் என்று சொன்னால்தான் சிகிச்சை சரியாக அமையும். கால் வீங்கிய பிறகு வராதீர்கள், தயவுசெய்து அதற்கு முன்பே வாருங்கள். அப்போது மாத்திரையோடு முடிகிற வைத்தியம், பிறகு டயாலிசிஸில்தான் தொடங்கும்.