அடுப்படியில் வைத்த கேமரா

ஒரு கர்ப்பிணியின் வயிறு திரை முழுக்கத் தெரிகிறது. அடுத்த காட்சியில் ஒரு பெரிய பரங்கிக்காய். கத்தி இறங்குகிறது, காய் பிளக்கிறது, ஒரு கை உள்ளே போய் விதையை வழித்து எடுக்கிறது. வசனம் ஒரு வார்த்தைகூட இல்லை.

ஆக்னெஸ் வர்தா 1958-இல் பாரிஸில் எடுத்த 'லோபெரா மூஃப்' படத்தில் வரும் காட்சி இது. மொத்தமே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அப்போது வர்தாவே பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். மூஃப்தார் தெருச் சந்தைக்கு வருகிற கிழவர்களையும் குடித்துத் தள்ளாடுபவர்களையும் முகம் முகமாகப் படம் பிடித்தார். இவர்களும் ஒரு நாள் தொட்டிலில் கிடந்தவர்கள்தானே, என் வயிற்றில் இருப்பது என்ன ஆகுமோ என்ற கலக்கம் படம் நெடுக ஓடுகிறது. நம் வளைகாப்பு வீடியோக்களில் அந்தக் கலக்கத்துக்கு இடம் கிடையாது. பிரசவத் தேதியை எண்ணிக்கொண்டு தூக்கம் வராமல் படுத்திருந்த பெண்ணுக்கு அந்தப் பரங்கிக்காய்க்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

மனசுக்குள் படும் பாட்டைச் சொல்லப் பெண்கள் எடுக்கிற இந்த மாதிரிக் குறும்படங்கள் இப்போது உங்கள் கைபேசிக்கே வந்துவிடுகின்றன. தோழி அனுப்புகிறார், மகள் "பாரும்மா" என்கிறாள். சிலர் பார்த்துவிட்டு "ஒண்ணும் புரியலையே" என்று வைத்துவிடுகிறார்கள். சிலருக்குப் புரிந்துபோய் ராத்திரித் தூக்கம் போய்விடுகிறது. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் குறும்படம்? பெரிய படமாகவே எடுத்தால் என்ன?

முதல் காரணம் காசு. மாயா டெரன் 1943-இல் லாஸ் ஏஞ்சலஸில் தான் குடியிருந்த வீட்டிலேயே, கணவர் அலெக்சாண்டர் ஹமீதுடன் சேர்ந்து 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' எடுத்தார். 14 நிமிடப் படம், நடித்தவரும் அவரே. ஹாலிவுட்காரர்கள் உதட்டுச் சாயத்துக்குச் செலவழிக்கிற பணத்தில் தன் படங்கள் முடிந்துவிடும் என்று பின்னாளில் சொல்வார்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. மனவேதனைக்குக் கதை கிடையாது. சண்டை, பிரிவு, சமாதானம் என்று அது வரிசையாக வருவதில்லை. மத்தியானம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தபின், காரணமே இல்லாமல் வந்து பக்கத்தில் உட்காரும். அதை இரண்டரை மணி நேரம் இழுக்க வேண்டுமென்றால் ஒரு கதை கட்ட வேண்டும். கட்டினால் பாதி பொய்யாகிவிடும். டெரன் படத்தில் ரொட்டியில் செருகிய கத்தி, கைநழுவி விழும் சாவி, எடுத்தபடியே கிடக்கும் தொலைபேசி எல்லாம் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே பெண் மூன்று பேராகி ஒரே மேஜையைச் சுற்றி உட்காருகிறாள். "இதில் கதை என்ன?" என்று கேட்டால் பதில் இல்லை. கெட்ட கனவோடு தூங்கி எழுந்த ஒரு மத்தியானம் எப்படி இருக்கும் என்று கேட்டால், இப்படித்தான்.

சரி, ஏன் பெரும்பாலும் வீடும் சமையலறையும்?

பெல்ஜியத்தில் பிறந்த ஷாந்தால் அகெர்மன் 1968-இல், 18 வயதில் எடுத்த முதல் படம் 'சோட் மா வில்'. 13 நிமிடம், கருப்பு வெள்ளை. இதிலும் நடித்தது இயக்குநரே. ஒரு பெண் கையில் பூவோடு அடுக்குமாடிக்குள் வருகிறாள். லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருக்க, அவள் படிகளில் ஓடுகிறாள். சமைக்கிறாள், சாப்பிடுகிறாள். பிறகு அலமாரியில் இருந்த சாமான்களைத் தரையில் வாரி இறைத்துவிட்டு, தண்ணீரை ஊற்றித் துடைக்கிறாள். ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறாள். ஷூவோடு நிற்காமல் காலுக்கும் தேய்த்துக்கொள்கிறாள். இத்தனைக்கும் பின்னணியில் அவளுடைய குரல்தான், என்ன பாட்டென்றே தெரியாத ஒரு முணுமுணுப்பு.

முதலில் உங்களுக்குச் சிரிப்பு வரும். எல்லாம் தினமும் செய்கிற வீட்டு வேலைதான், ஒரு பிடி கூடுதலாகச் செய்கிறாள், அவ்வளவுதான். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று படம் முடிந்தபின் யோசித்துப் பாருங்கள். எனக்கு அந்த ஷூ பாலிஷ் இடம். கடைசியில் அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். எப்படி என்பதை எழுதப்போவதில்லை. காரணம் கீழே வரும்.

அகெர்மனின் அம்மா ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். அம்மா பேசாமல் விட்டதெல்லாம் மகளின் படங்களில் அடுப்பு, மேஜை, உருளைக்கிழங்கு என்று வந்துகொண்டே இருந்தது. 1975-இல் அகெர்மன் எடுத்த 'ஜான் டீல்மன்', ஒரு வீட்டுப் பெண்ணின் மூன்று நாளை மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. 2022-இல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் உலகத்தின் சிறந்த படமாக முதலிடம் பெற்றது அதுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் சமாசாரம் என்று தோன்றலாம். அப்படியானால் 'பாவ்' பாருங்கள். சீனாவில் பிறந்து கனடாவில் வளர்ந்த டோமி ஷீ, 2018-இல் பிக்சார் நிறுவனத்துக்காக எடுத்த 8 நிமிட அனிமேஷன் படம். பிக்சாரில் குறும்படம் இயக்கிய முதல் பெண் இவர்தான். படத்துக்கு அடுத்த ஆண்டு ஆஸ்கரும் கிடைத்தது. ஓர் அம்மா பிடித்துவைத்த கொழுக்கட்டை உயிர் பெற்றுப் பிள்ளையாகிறது. வளர்கிறது, முரண்டு பிடிக்கிறது, ஒரு நாள் காதலியோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறது. தடுத்துப் பார்த்த அம்மா, சட்டென்று அதை எடுத்து விழுங்கிவிடுகிறாள்.

அமெரிக்காவில் பார்த்த சிலருக்கு அது விளங்கவில்லை; சிரித்தவர்களும் உண்டு. பிள்ளையைக் கொஞ்சும்போதே "அப்படியே கடிச்சுத் தின்னுடலாம் போல இருக்கு" என்று சொல்கிற நமக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். பையனை விமானம் ஏற்றிவிட்டு வந்து, பழக்கதோஷத்தில் நாலு பேருக்கு உலை வைத்த அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

தமிழிலும் இருக்கிறது. 2022 பொங்கலுக்கு அமேசான் பிரைமில் வந்த 'புத்தம் புது காலை விடியாதா' தொகுப்பில் மதுமிதா இயக்கிய 'மௌனமே பார்வையாய்', ஒரே வீட்டில் இருந்தும் பேச்சு நின்றுபோன கணவன் மனைவியின் கதை. நதியாவும் ஜோஜு ஜார்ஜும் நடித்தது. அதே தொகுப்பில் ஹலிதா ஷமீமின் 'லோனர்ஸ்', கொரோனா ஊரடங்கின் தனிமையைத் தொடுகிறது.

இந்தப் படங்களில் வருகிறவர்களுக்கு என்ன நோய்?

எந்தப் படமும் பெயர் சொல்லவில்லை, நாமும் வைக்க வேண்டாம். வர்தாவின் பயம் நோயே அல்ல, வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் யாருக்கும் வரக்கூடியது. படம் பார்த்துவிட்டு "இவள் என்னைப் போலவே இருக்கிறாள், எனக்கும் ஏதோ இருக்கிறது" என்று முடிவு கட்டுவதுதான் ஆபத்து. "இவளைப் போல நான் இல்லை, அதனால் எனக்கு ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டுவதும் அதே அளவு ஆபத்து.

பின் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

மருத்துவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை நாளாக?" என்பது. அநேகமாக எல்லா நாளும் மனம் கனத்து, பிடித்த வேலையிலும் பிடிப்பு விட்டுப்போய், தூக்கமும் பசியும் மாறி இரண்டு வாரம் ஓடிவிட்டால் அது டிப்ரஷனாக (எளிதில் விலகாத, சிகிச்சையில் குணமாகக்கூடிய மனச்சோர்வு) இருக்கலாம். போய்க் காட்ட வேண்டும். பிரசவமான சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பல பெண்களுக்கும் உண்டு, இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். தணியாவிட்டால், "பச்சை உடம்புக்காரி, சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடாதீர்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே போக வேண்டும்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கிளம்ப மனம் வராவிட்டால் 14416-ஐ அழையுங்கள். 'டெலி மானஸ்' என்ற அரசுச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. நாள் முழுக்க உண்டு, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

"தற்கொலை முயற்சி என்று வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே" என்று பல குடும்பங்கள் வாயை மூடிக்கொள்கின்றன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். தண்டனை கிடையாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை.

இன்னொன்று. இந்த மாதிரிப் படத்தை உங்கள் மகளோ தங்கையோ அனுப்பினால், ஒரு கட்டை விரலைப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்காதீர்கள். படம் நன்றாக இருந்தது என்பதற்காக மட்டும் அனுப்பியிருக்கலாம். தன் வாயால் சொல்ல முடியாததை அந்தப் பத்து நிமிடம் சொல்லட்டும் என்றும் அனுப்பியிருக்கலாம். "உனக்கும் இப்படி இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். சாக வேண்டும்போல இருக்கிறதா என்றே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். அப்படி ஆவதில்லை என்பதில் மனநல மருத்துவர்கள் தெளிவாக இருக்கிறார்கள்.

நீங்களே ஒரு படம் எடுக்க நினைத்தால்?

கையில் இருக்கிற போன் போதும். கொஞ்சம் கவனம்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் திரைக்கலைஞர்களுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. உயிரை மாய்த்துக்கொள்ளும் முறையைக் காட்டாதீர்கள், உதவி தேடுவதையும் அதனால் மீள்வதையும் காட்டுங்கள் என்பது அதன் சாரம். முறையை விவரமாகக் காட்டினால் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருப்பவர் அதையே பின்பற்றும் அபாயம் இருக்கிறது. அகெர்மன் படத்தின் முடிவை நான் எழுதாமல் விட்டது அதனால்தான். அது பெரிய படம், ஆனால் துவண்டு கிடக்கிற பிள்ளைக்கு அனுப்பிவைக்க மாட்டேன். ஆஸ்திரியாவில் பத்திரிகைச் செய்திகளை ஆராய்ந்து 2010-இல் எழுதியவர்கள் இதற்கு மறுபக்கத்தையும் கண்டார்கள்: சாக நினைத்து, பிறகு சமாளித்து வாழ்ந்தவர்களின் செய்தி வந்தபின் தற்கொலைகள் குறைந்திருந்தன.

நம் கல்லூரிக் குறும்படங்களில் மனவேதனை என்றால் உடைந்த கண்ணாடி, சொட்டுகிற குழாய், சிதறிய மாத்திரை. கண்ணாடிச் சில்லை டெரன் 1943-லேயே காட்டிவிட்டார். உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூன்று முறை சூடு பண்ணியும் குடிக்காத காப்பி இருக்கலாம்.

சிகிச்சையில் இருக்கும் ஒருவரைப் படம் பிடிக்கப் போகிறீர்களா? மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு. வீட்டில் இருப்பவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்பதற்காக விட்டுவிட முடியுமா? அம்மாவின் கதை உங்களுக்கும் சொந்தம்தான், ஆனால் நாளைக்குக் கல்யாண வீட்டில் நாலு பேர் விசாரிக்கப்போவது அவரைத்தான். அவரையும் சேர்த்துக்கொண்டே எடுக்கலாம்: 'பாவ்' எடுத்த டோமி ஷீயின் அம்மா ஸ்டூடியோவுக்கே வந்து, மாவு எப்படிப் பிடிப்பது என்று மகளின் குழுவுக்குச் செய்து காட்டியவர்.

அதனால் படத்தை யூடியூபில் ஏற்றுவதற்கு முன்னால், அதில் யாருடைய அடுப்படி இருக்கிறதோ அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுசாகப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்னால் ஏற்றாதீர்கள்.