பாலிதீன் வகைகள் ஒன்றோடொன்று கலக்குமா?

ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாம், மட்பாண்டக் கடைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். வெவ்வேறு அளவிற் சுருங்கும் இரு மண்ணைச் சரிவரப் பிசையாது சேர்த்தால், பாண்டம் உலரும்போதே வெடிக்கும் என்பது குயவர் அறிந்த செய்தி. அம்மாநிலத்தின் பாசிர் கூடாங்கில் பேரளவில் ஆக்கப்படும் பாலிதீனுக்கும் இத்தகைய சிக்கலொன்று உண்டு. பெயர் ஒன்றாயினும் பாலிதீன் ஒரே பொருளன்று.

1933ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கிப்சன், ஃபாசெட் என்னும் இருவர் எத்திலீன் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் ஆய்ந்தபோது, எதிர்பாராது கிடைத்தது முதல் வகை. அதன் நெடிய மூலக்கூறுகளிற் பக்கக் கிளைகள் பல, ஆதலின் அவை நெருங்கி அடுங்கா, பொருள் மென்மையாயிருக்கும். 1953இல் ஜெர்மானிய அறிஞர் சீக்லர் குறைந்த அழுத்தத்தில் ஆக்கிய வகைக்குக் கிளைகள் மிகக் குறைவு; எனவே அது கடினமானது. பின்னர் வந்த மூன்றாம் வகையோ, நேரிய தண்டிற் குறுங்கிளைகளை உடையது.

இவற்றை உருக்கிச் சேர்த்தால் என்னாகும்? பிரிந்து நிற்கும் என ஒரு சாராரும், கலந்துவிடும் என மறுசாராரும் நெடுநாள் வாதிட்டனர். எல்லாம் கார்பனும் ஹைட்ரஜனுமே ஆதலின், கலவையில் எது எதுவென்று காண்பது எளிதன்று. ஆகவே ஒரு வகையில் ஹைட்ரஜனுக்கு மாற்றாக அதன் கனத்த உடன்பிறப்பாகிய டியூட்டீரியத்தை அமைத்து, நியூட்ரான் கற்றையைச் செலுத்திப் பார்த்தனர். 1990களில் வெளிவந்த அவ்வாய்வுகளின்படி, தண்டின் நூறு கார்பன் அணுக்களுக்குக் கிளைகள் நான்கிற்குக் குறைவாயின், அது கிளையற்ற வகையோடு உருகிய நிலையிற் கலக்கும். எட்டிற்கு மேற்பட்டாற் பிரியும். வழக்கமான மென்வகையில் இரண்டு மூன்று கிளைகளே உள. ஆகவே அது கலக்கும்.

வழக்கு இத்துடன் தீர்ந்ததா எனின், இல்லை. கடினவகை ஏறத்தாழ 130 பாகை செல்சியசிலும், மென்வகை 110 பாகையை ஒட்டியும் உருகுவன. கலவை மெல்ல ஆறினால், முன்னது முதலிற் படிகமாகிப் பின்னதை ஒதுக்கித் தள்ளிவிடும். விரைந்து குளிர்வித்தால் ஒதுங்க நேரமின்றி, இரண்டும் ஓரளவு கலந்தே உறையும். உருகியபோது இருந்த உறவு உறைந்தபோது இல்லாமற் போவது வியப்பே. மூன்றாம் வகை இதில் விட்டுக்கொடுப்பது. அதன் கிளைகள் குறையக் குறையக் கடினவகையோடு ஒரே படிகத்திலும் இடம்பெறும். பைத்தாள் ஊதுவோர் மென்வகையையும் மூன்றாம் வகையையும் வேண்டுமென்றே சேர்ப்பதுண்டு. முன்னது ஊதும் குமிழை நிலைநிறுத்தும். பின்னது தாள் எளிதிற் கிழியாமற் காக்கும்.

பழைய பிளாஸ்டிக்கை மீண்டும் உருக்குவோர்க்கு இஃது ஏட்டறிவு மட்டுமன்று. பொருளின் அடியிலுள்ள முக்கோணக் குறியில் 2 என்பது கடினவகை, 4 என்பது மென்வகை. ஆயினும் 2 என ஒரே எண் பெற்ற ஊதிய புட்டியும் அச்சில் வார்த்த மூடியும், உருகும்போது ஒரே நெகிழ்ச்சியுடன் ஓடுவதில்லை. புட்டிச் சரக்கு மிகக் கெட்டி. மூடிச் சரக்கு எளிதில் ஓடும். எந்திரத்திற் போதிய நேரம் பிசையப்படாவிடில், கலக்கக்கூடியவையும் கட்டிகட்டியாய் நின்றுவிடும்.