உருகுவதில்தான் இருக்கிறது குளிர்

கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து கடலுக்குக் கிளம்பும் விசைப்படகுக்கு டீசல் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் ஐஸ். வலையில் மீன் கொட்டினாலும், ஐஸ் தீர்ந்துவிட்டால் படகு கரை திரும்பியே ஆக வேண்டும். பரங்கிப்பேட்டை அன்னங்கோயிலிலும், கிள்ளைக்கு அருகே முடசல் ஓடையிலும் இதே நிலைதான். சிதம்பரம் மார்க்கெட்டில் சங்கராவும் கானாங்கெளுத்தியும் கண் மங்காமல் கிடக்கின்றன என்றால், கடலிலிருந்து தராசு வரை ஐஸ் அவற்றோடு வந்திருக்கிறது என்று பொருள்.

அந்த ஐஸ் பிறக்கும் இடம் ஐஸ் கம்பெனி. நீண்ட தகரக் கேன்களில் தண்ணீரை ஊற்றி, பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி வாக்கில் குளிர்ந்திருக்கும் உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். உப்பு கலந்திருப்பதால் தொட்டியின் நீர் அந்தக் குளிரிலும் உறையாது; கேனுக்குள் இருக்கும் நீர்தான் உறையும். கேனை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. 50 லிட்டர் தண்ணீர் உறைந்தால் எடை அதே 50 கிலோதான். இடமோ ஏறக்குறைய 54.5 லிட்டர் பிடிக்கும். பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்குகின்றன. தண்ணீரின் மூலக்கூறுகளோ கைகோத்து அறுகோணக் கூடுகளாக நிற்கின்றன. நடுவே வெற்றிடம் விழுகிறது. ஐஸ் மிதப்பதும் அதனால்தான். கடல்நீரில் போட்டால் பத்தில் ஒரு பங்கு மேலே தெரியும்.

கேனில் உறையும் ஐஸ் கட்டியை ‘பார்’ என்கிறார்கள். ஒரு பார் முழுதாக இறுகப் பல மணி நேரம் ஆகிறது. உறைதல் கேனின் சுவரில் தொடங்கி உள்ளே நகர்கிறது. உள்ளிருக்கும் நீரின் வெப்பம், ஏற்கெனவே உறைந்த ஐஸைக் கடந்துதான் வெளியேற வேண்டும். ஐஸ் தடிக்கத் தடிக்க அந்தப் பாதை நீள்கிறது. பாரின் தடிமன் இரு மடங்கானால் நேரம் சுமார் நான்கு மடங்காகும். நீரில் கரைந்திருந்த காற்றும் உப்பும் நடுப்பகுதிக்குத் தள்ளப்படுவதால்தான் பாரின் மையம் வெள்ளையாகத் தெரிகிறது.

இனி வெப்பக் கணக்கு. ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 1 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஐஸ், பூஜ்யத்துக்கு ஏறும் வரை சுற்றிலுமிருந்து 5 கிலோ கலோரி மட்டுமே எடுத்துக்கொள்ளும். அடுத்து, அதே பூஜ்யத்தில் நின்றபடி தண்ணீராக உருகி முடிவதற்குள் 80 கிலோ கலோரியை விழுங்கிவிடும். ஒரு கிலோ தண்ணீரை பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை காய்ச்சத் தேவைப்படும் வெப்பம் அது! இவ்வளவு வெப்பம் உள்ளே போயும் தெர்மாமீட்டர் அசையாது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1760களில் ஜோசப் பிளாக் இதை அளந்து விளக்கினார். பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று நாம் படிப்பது இதைத்தான்.

ஆகவே மீனைக் காப்பது பெரும்பாலும் ஐஸ் உருகும் அந்தச் செயல்தான். உருகாத ஐஸ் மீனிலிருந்து அதிக வெப்பத்தை எடுத்திருக்க முடியாது. வெயிலிலும் படகின் பலகைச் சுவரிலும் உருகுவது நட்டம். மீன்மேல் உருகுவது வேலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஐஸைச் சிக்கனமாகச் செலவழிக்கிறார்கள்.

10 கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 240 கிலோ கலோரி வெப்பத்தை அகற்ற வேண்டும். 80 ஆல் வகுத்தால் 3 கிலோ ஐஸ். காகிதத்தில் கணக்கு அவ்வளவுதான். ஆனால் நம் ஊர் வெயிலில் காற்றும் பெட்டியும் ஓயாமல் வெப்பத்தைக் கொண்டுவருவதால், மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் போடுவதே பாதுகாப்பான வழக்கம்.

உடைத்துப் போடுவதா, பாராகவே வைப்பதா? வெப்பம் நுழைவது மேற்பரப்பின் வழியாக. உடைத்த ஐஸ் மீனை எல்லாப் பக்கமும் தொட்டு வேகமாகக் குளிர்விக்கும், சீக்கிரம் தீரும். முழுப் பார் நெடுநேரம் தாங்கும், ஆனால் மீனோடு ஒட்டாது. பெரிய உருவம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு வரலாற்றில் சாட்சி உண்டு. 1833இல் பாஸ்டனிலிருந்து ‘டஸ்கனி’ என்ற கப்பல் சுமார் 180 டன் ஏரி ஐஸோடு கிளம்பி, நான்கு மாதம் பயணம் செய்து, நிலநடுக்கோட்டை இரு முறை கடந்து கல்கத்தா சேர்ந்தது. அப்போதும் 100 டன் அளவுக்கு மிஞ்சியிருந்தது! அந்த வணிகத்தை நடத்திய ஃபிரெடரிக் டியூடர், சென்னைக் கடற்கரையில் ஐஸைச் சேமிக்க எழுப்பிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

உடைத்த ஐஸை வாங்குகிறவர்கள் கூடையை நம்பாமல் எடையைப் பார்ப்பது நல்லது. ஒரு டன் ஐஸ் திடமாக இருந்தால் 1.09 கன மீட்டர். உடைத்தபின் இடையே காற்று புகுந்து 1.4, 1.5 கன மீட்டர் வரை இடம் பிடிக்கும். கூடை நிரம்பித் தெரிந்தாலும் அதன் குளிர்விக்கும் சக்தி எடைக்குத் தக்கதுதான்.

உருகிய நீரும் வீண் இல்லை. அது மீனின் இடுக்குகளில் இறங்கி வெப்பத்தையும் கிருமிகளையும் கழுவிக்கொண்டு போகிறது. ஆனால் அது வடிய வழி வேண்டும். பெட்டியின் அடியில் துளை இல்லாவிட்டால் கீழே கிடக்கும் மீன் அழுக்குத் தண்ணீரில் ஊறும். ஐஸ் உருகித் தீர்ந்தபின் அந்தக் குளிர்ந்த நீர் 5 டிகிரி வரை ஏறினாலும், கிலோவுக்கு 5 கிலோ கலோரிக்கு மேல் எடுக்காது. அப்போது ஐஸ் சேர்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. அதைக் குழம்பில் கொதிக்கவைத்தும் போக்க முடியாது.

பெரிய படகுகளுக்கு ஐஸ் வைக்க அறை உண்டு. கரையோர ஃபைபர் படகுகளுக்கும், அன்னக்கூடையில் மீன் வாங்கி ஊர் ஊராக விற்கும் பெண்களுக்கும் அந்த வசதி இல்லை. கொஞ்ச ஐஸை வாங்கி, வெயிலில் பாதியை இழந்து, மாலையில் மீனை வந்த விலைக்குத் தள்ள வேண்டிய நிலை அவர்களுடையது. இதற்கு வழி ஐஸை அதிகம் வாங்குவதைவிட, வெப்பத்தைத் தடுக்கும் பெட்டியில் வைப்பதுதான். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் பெட்டி பொருத்திய இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு மானியம் இருக்கிறது. பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடு, பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு. மீதித் தொகையைத் திரட்ட முடியாத ஒரு மீன்காரம்மாவுக்கு, மூடியும் வடிகால் துளையும் உள்ள ஒரு தெர்மோகோல் பெட்டிகூட அன்றைய ஐஸைச் சாயங்காலம் வரை காப்பாற்றித் தரும்.