உங்களுக்குத் தெரியுமா? கடலுக்கடியில் ஒரு கட்டக்கோரைக் காடு

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆனால் கல்வராயன் மலையில் பெய்கிற மழை கடலுக்குத்தான் போகிறது. கோமுகி ஆறு மணிமுக்தாவில் சேர்கிறது. மணிமுக்தா விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு போய் வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலை அடைகிறது. மணலும் சேறுமான அந்த முகத்துவாரத்தில் பழுப்புப் பாசிகள் காடாக வளர்வதற்குப் பாறை கிடையாது. அதைப் பார்க்க மன்னார் வளைகுடாவுக்குப் போக வேண்டும்.

★ அங்கே தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றியுள்ள பாறைகளில் வளரும் சர்காசம் என்ற பழுப்புப் பாசியை மண்டபம் பகுதி மக்கள் ‘கட்டக்கோரை’ என்கிறார்கள். டர்பினேரியா என்ற இன்னொரு பழுப்புப் பாசிக்குப் பெயர் ‘பக்கோடா’!

★ கட்டக்கோரைக்கு வேர் இல்லை. அடியில் இருக்கும் பற்றுறுப்பு பாறையைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். சத்தை உடம்பு முழுவதும் உறிஞ்சுகிறது. மிளகு போலத் தொங்கும் காற்றுப் பைகள் அதை வெளிச்சத்தை நோக்கி நிமிர்த்துகின்றன.

★ வெந்நீரில் போட்டால் பழுப்புப் பாசி பச்சையாகிவிடும். பச்சையம் உள்ளேயே இருக்கிறது. ஃபுகோசாந்தின் என்ற நிறமி அதை மறைத்திருக்கிறது.

★ நம் கல்வராயன் மலைக்குக் காடு செய்வதை இந்தப் பாசி கடலுக்குச் செய்கிறது. கரியமில வாயுவை வாங்கி உயிர்வளி தருகிறது. இறால், நண்டு, மீன் குஞ்சுகள் இதற்குள் ஒளிந்து வளர்கின்றன. ஓரா மீன் இதை மேய்கிறது. மேயும் மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டால் பாசி மண்டிப் பவளப்பாறையை மூடிவிடும். ஆகவே பவளப்பாறையைக் காப்பது என்றால் மீனையும் சேர்த்துக் காப்பதுதான்.

★ அட்லாண்டிக்கில் 2011 முதல் மிதக்கும் சர்காசம் பெருகிவருகிறது. 2018இல் அந்தப் பட்டை ஏறத்தாழ 8,850 கிலோமீட்டர் நீண்டது. கரையில் ஒதுங்கி அழுகினால் அழுகிய முட்டை நாற்றம்.

★ பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் ஐஸ்கிரீமிலும், துணி அச்சிலும், பல் மருத்துவர் அச்செடுக்கும் மாவிலும் இருக்கிறது.

★ பாம்பன் பகுதியில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், அது மறுபடி வளர ஆண்டுக்கு 45 நாள் எடுப்பதில்லை என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் ‘சீகாலஜி’ பன்னாட்டு விருது கிடைத்தது.

ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போகிறீர்களா? கரையில் ஒதுங்கிய கட்டக்கோரையைக் குப்பையென்று மிதித்துப் போகாதீர்கள். ஒரு கொத்தை எடுத்து, அந்த மிளகுக் காற்றுப் பையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.